கியோசா: எல்லாம் தண்ணீர்க் கணக்கு

[காட்சி: தட்டில் கவிழ்க்கப்படும் கியோசா, பொன்னிற அடிப்பக்கம் மேலே தெரிகிறது]

அடியில் மொறுமொறுப்பு, மேலே மெத்தென்ற மாவு, கடித்தால் உள்ளே சாறு. ஒரே வாணலியில் இந்த மூன்றையும் வரவழைப்பதுதான், மெல்லிய மாவில் பூரணம் வைத்து மடிக்கும் கொழுக்கட்டை போன்ற ஜப்பானியக் கியோசாவின் வித்தை. பலர் மடிப்பைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். மடிப்பு கோணலாக இருந்தாலும் சுவை குறையாது. கவனிக்க வேண்டியது தண்ணீரைத்தான்.

இதன் பிறந்த வீடு சீனா. வட சீனாவில் பெரும்பாலும் கொதிநீரில் வேகவைத்தே உண்பார்கள். 1945இல் இரண்டாம் உலகப் போர் முடிந்து, சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர்களோடு இந்த ருசியும் ஊர் வந்தது. ஆனால் ஜப்பானில் வேரூன்றியது வாணலியில் வாட்டும் வகை. கியோசாவுக்கு அதிகம் செலவிடும் ஊர் எது என்பதில் உட்சுனோமியா, ஹமமட்சு, மியாசாகி நகரங்களுக்கு இன்றும் போட்டி உண்டு.

[காட்சி: மைதாவில் வெந்நீர் ஊற்றுதல்]

200 கிராம் மைதா, அரை டீஸ்பூன் உப்பு, சுமார் 110 மில்லி வெந்நீர். பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும். வெந்நீர் பட்டால் மாவு சற்றே வெந்து, சொன்னபடி கேட்கும். முதலில் கரண்டியால் கிளறுங்கள். சூடு ஆறியதும் கையால் பிசைந்து, மூடி அரை மணி நேரம் வையுங்கள்.

[காட்சி: கோஸைப் பிழியும் கை]

பூரணத்துக்கு 200 கிராம் முட்டைகோஸைப் பொடியாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்புப் பிசறிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு இரக்கமே இல்லாமல் பிழியுங்கள். இங்கே சோம்பினால் அந்தத் தண்ணீர் பிறகு மாவைக் கிழித்துக்கொண்டு வரும்.

ஜப்பானில் வழக்கம் பன்றிக் கொத்துக்கறி. கோழி என்றால் தொடைக்கறி நல்லது, நெஞ்சுக்கறி வறண்டுவிடும். 200 கிராம் கறியில் முதலில் உப்பை மட்டும் போட்டு, விரலில் ஒட்டி இழுபடும்வரை பிசையுங்கள். அந்தப் பசைதான் சாற்றைப் பிடித்து வைக்கும். பிறகே கோஸ், வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு, ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், சிறிது எள்ளெண்ணெய். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. ஜப்பானியர்களுடையது வறுத்த எள்ளின் எண்ணெய். மணம் வேறு, எனவே வறுத்த எள்ளைப் பொடித்துச் சேர்த்தால் ஓரளவு நெருங்கலாம்.

[காட்சி: மிக அருகில், மடிக்கும் விரல்கள்]

மாவை 25 உருண்டைகளாக்கி, கார்ன்ஃப்ளார் தூவி, நடு கொஞ்சம் தடித்தும் ஓரம் மெலிந்தும் இருக்கும்படி தேயுங்கள். நடுவில் ஒரு டீஸ்பூன் பூரணம், ஓரத்தில் ஈரவிரல். பாதியாக மடித்து, உங்களை நோக்கிய ஓரத்தில் மட்டும் கொசுவி, எதிர் ஓரத்தோடு அழுத்துங்கள். ஒரு பக்கம் சுருங்க, மறுபக்கம் நீள, கியோசா தானாகவே பிறையாக வளையும். அப்போதுதான் அது சாயாமல் உட்காரும்.

[காட்சி: வாணலி. ஒலி: சுரீர்]

மிதமான தீயில் எண்ணெய் விட்டு, நெருக்கமாக அடுக்குங்கள். அடி லேசாகச் சிவந்ததும், கியோசாவின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி உடனே மூடுங்கள். ஐந்து நிமிடம். மேல்பக்கம் ஆவியில் வேகும். பின் மூடியைத் திறந்துவிடுங்கள். இனிக் காதுதான் வேலை செய்ய வேண்டும். தளதளவென்று கொதிக்கும் சத்தம் அடங்கி, பொரியும் சத்தம் எழும்போது தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். ஓரமாகச் சில சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு நிமிடம் முறுகவிடுங்கள். அதற்குள் கரண்டியால் நோண்டாதீர்கள்.

தொட்டுக்கொள்ள சோயா சாஸும் வினிகரும் சம அளவு, மேலே மிளகாய் எண்ணெய். சிலர் வினிகரில் மிளகுத்தூளை அள்ளிப்போட்டுத் தொடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும்.

மீந்ததை வேகவைக்காமல், ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். சமைக்கும்போது உருகவிடாமல் அப்படியே வாணலிக்கு மாற்றி, மூடிவைக்கும் நேரத்தை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். உருகவிட்டால் மாவு நனைந்து தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.