தீர்மானமாக எழுதிவைத்தால்தான் கோரிக்கை நிற்கும்

அவையில் இருக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் மகளிர் குழுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஊருக்காக அதிகாரியிடம் வாதாடுவதைப் பெரிய உதவியாக நினைக்கிறோம். அதைவிடப் பெரிய உதவி, ஊர் கேட்பதைக் கிராம சபைத் தீர்மானமாக்குவது. மனு கொடுத்தவர் சோர்ந்துபோனால் மனுவும் ஓய்ந்துவிடும். தீர்மானம் ஊர்ச் சொத்து. தலைவர் மாறினாலும் அது புத்தகத்தில் இருக்கும்.

வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாள் சபை கூடுகிறது. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேராவது வர வேண்டும். தண்டோராவோடு நின்றுவிடாமல், பாதிக்கப்பட்ட தெருவுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். கோயில் வாசலில் கூட்டம் போட்டால் காலனி மக்கள் ஓரமாக நிற்பார்கள், பேசமாட்டார்கள். எல்லோரும் தயங்காமல் வந்து உட்காரும் பொது இடத்தில், குக்கிராமம் மாற்றி மாற்றி நடத்துங்கள்.

இனி வாசகம். ‘குடிநீர் வசதி செய்து தர வேண்டும்’ என்று எழுதினால் எந்த அலுவலகமும் அதை வைத்து மதிப்பீடு போட முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வடக்குத் தெருவில் 42 வீடுகளுக்கு 8 மாதமாக மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் வரவில்லை, தொட்டியிலிருந்து தெருமுனை வரை 180 மீட்டர் புதுக் குழாய் பதிக்க வேண்டும்.’ நீளத்தை முதல் நாளே டேப் பிடித்து அளந்துவிடலாம். எழுதியதைச் சபையிலேயே உரக்கப் படித்த பிறகுதான் கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்பும் வழக்கத்தைத் தலைவர்தான் நிறுத்த வேண்டும். பாதித் தகராறு அங்கேதான் தொடங்குகிறது.

சாலை என்றால் அது யாருடையது என்று முதலில் பாருங்கள். நெடுஞ்சாலைத் துறையா, ஊராட்சி ஒன்றியமா, ஊராட்சியா? தவறான மேசைக்குப் போன தாள் மாதக் கணக்கில் அங்கேயே கிடக்கும். தீர்மான நகலைக் கொடுத்ததும் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள்.

பதில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. உரிமை குடிமக்களுக்கு என்பதால் ஊராட்சியின் பெயரில் போடாமல், ஊர்க்காரர் ஒருவர் தன் பெயரில் போடட்டும். ‘ஏன் செய்யவில்லை?’ என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிட இடமுண்டு. ‘இந்தத் தீர்மானத்தின் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். யாருடைய மேசையில் தாள் நின்றது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதற்கும் பதில் வராவிட்டால், கெடு முடிந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அடுத்த கிராம சபையில் முதல் வேலையாகப் பழைய தீர்மானங்களின் நிலையைப் படியுங்கள். நடக்காததை விட்டுவிடாமல், எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.