கான்கிரீட்டுக்குள் ஒளிந்த நான்கு மைக்ரோ விநாடி

[திரையில்: 300 மில்லிமீட்டர் தடிமனுள்ள கான்கிரீட் கட்டி. அதன் முகத்தில் சாக்பீஸ் கட்டங்கள்.]

வணக்கம். கான்கிரீட்டை உடைக்காமல் அதன் உள்நிலையை அறியும் சேதமில்லாச் சோதனைகளை சிவில் பொறியியல் மாணவர்களுக்கு எப்படிக் கற்றுத்தரலாம்? கருவியில் வரும் எண்ணை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பதிவேட்டில் எழுத வைப்பது எளிது. ஆனால் அது போதாது. ஏன் போதாது என்பதை இந்தக் கட்டியே காட்டும்.

வார்க்கும்போதே இதன் நட்டநடுவில் உள்ளே ஒரு பொந்து இருப்பதற்கு ஈடாக, 100 மில்லிமீட்டர் சதுரத் தெர்மாகோல் துண்டு ஒன்றைக் கட்டங்கள் வரைந்த முகத்துக்கு இணையாக வைத்திருக்கிறோம். மாணவர்களிடம் சொல்லவில்லை.

[திரையில்: கருவியின் இரு முனைகளிலும் கிரீஸ் தடவப்படுகிறது.]

இது மீயொலித் துடிப்பு வேகச் சோதனை; காதுக்குக் கேட்காத ஒலித் துடிப்பு கான்கிரீட்டுக்குள் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது. ஒரு முனை துடிப்பை அனுப்பும். எதிர்முகத்தில் வைத்த முனை அதை வாங்கும். முனைக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் காற்று புகாதபடி கிரீஸ் தடவி, நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். நல்ல பகுதியில் துடிப்பு 300 மில்லிமீட்டரை 75 மைக்ரோ விநாடியில் கடக்கிறது. அதாவது விநாடிக்கு 4 கிலோமீட்டர்.

இனித் தெர்மாகோல் உள்ள கட்டத்துக்கு வருவோம். துடிப்பு அதற்குள் நுழையாமல் விளிம்பைச் சுற்றிக்கொண்டு போகிறது. வரைந்து, பைத்தகோரஸ் தேற்றத்தால் கணக்கிட்டால் பாதை சுமார் 316 மில்லிமீட்டர். நேரம் 79 மைக்ரோ விநாடி. மாணவருக்கோ 300 மில்லிமீட்டர்தான் தெரியும். வகுத்தால் விநாடிக்கு 3.8 கிலோமீட்டர் வருகிறது.

1992ஆம் ஆண்டின் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 13311 அட்டவணையைப் பாருங்கள் (பின்னர் இதற்குப் பதிலாக ஐ.எஸ். 516இன் ஐந்தாம் பகுதி வந்துவிட்டது). அதன்படி விநாடிக்கு 3.5 முதல் 4.5 கிலோமீட்டர் வரை ‘நன்று’. உள்ளங்கை அகலப் பொந்து இருக்கும் இடத்துக்கும் ‘நன்று’தான்!

பொந்தைக் காட்டிக்கொடுப்பது பக்கத்துக் கட்டங்களோடு உள்ள அந்த நான்கு மைக்ரோ விநாடி வேறுபாடு மட்டுமே. கிரீஸ் சரியாகப் படியாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடு வரலாம் என்பதால், அதே இடத்தில் துடைத்து, மறுபடி தடவி, மறுபடி அளக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் பாடம்.

[திரையில்: ரீபவுண்ட் சுத்தியல், பழைய தூண் ஒன்று.]

ரீபவுண்ட் சுத்தியல் கான்கிரீட் பரப்பில் மோதித் துள்ளும் அளவைக் கொண்டு வலிமையைக் கணிக்கும் கருவி. இதன் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. பழைய தூணில் காற்றின் கரியமில வாயு ஏறி மேற்பரப்பு கடினமாகியிருக்கும். சுத்தியல் அதிகமாகத் துள்ளி, இல்லாத வலிமையைக் காட்டும். ஈரமான பரப்பில் நேர்மாறு. இந்தச் சுத்தியலால் கணிக்கும் வலிமை 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அதே 1992ஆம் ஆண்டு ஐ.எஸ். 13311இன் இரண்டாம் பகுதி சொன்னது. சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்று மாணவர் எழுதினால், உண்மை 22.5ஆகவும் இருக்கலாம், 37.5ஆகவும் இருக்கலாம்.

ஆகவே துள்ளல் அளவை வலிமையாக மாற்றிக் காட்டும், கருவியோடு வரும் வரைபடத்தை மாணவர் கையில் கொடுக்காதீர்கள். அவர்களே 150 மில்லிமீட்டர் கியூப்களை வார்க்கட்டும். அழுத்த இயந்திரத்தில் சதுர மில்லிமீட்டருக்கு 7 நியூட்டன் அளவில் இறுக்கிப் பிடித்து, இரு பக்க முகங்களிலும் ஒன்பது ஒன்பது இடங்களில் சுத்தியலை வைத்து அளந்து, பிறகு நொறுக்கட்டும். விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி அளப்பது முக்கியம். அந்தப் புள்ளிகளைக் கொண்டு தங்கள் வரைபடத்தைத் தாங்களே போடும்போது, புள்ளிகள் கோட்டை விட்டு எவ்வளவு சிதறுகின்றன என்பதைக் கண்ணால் பார்ப்பார்கள்.

[திரையில்: மாணவரின் அறிக்கைத் தாள்.]

அறிக்கையில் சராசரி எண்ணுக்குப் பாதி மதிப்பெண் கொடுங்கள். எந்தக் கட்டத்தில் துளையிட்டுக் கோர் மாதிரி (உருளை வடிவக் கான்கிரீட் துண்டு) எடுக்க வேண்டும், ஏன் அங்கே என்று மாணவர் எழுதும் இரண்டு வரிக்கு மீதிப் பாதி.