எதுவரைக்கும் என்று கேட்டவர்

நடுவர் அவர்களே, போதகர் ஐயா அவர்களே, சபையாரே, அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

விசுவாசத்தை வளர்ப்பது கேள்வியா, கேளாத கீழ்ப்படிதலா என்பது தலைப்பு. கேள்வியே என்று சொல்ல வந்திருக்கிறேன். 1706ஆம் ஆண்டு இதே தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு, சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் தமிழ் எழுதப் பழகினார். தமிழர்களுக்குக் கடிதம் எழுதி அவர்களுடைய வாழ்வையும் வழிபாட்டையும் பற்றிக் கேள்வி கேள்வியாகக் கேட்டார். கேட்டுக் கற்ற அந்தத் தமிழில்தான் 1715இல் புதிய ஏற்பாடு இங்கே அச்சேறி முடிந்தது. வரலாற்றை இத்துடன் நிறுத்துகிறேன், ஏனெனில் எதிரணி அண்ணன் சொன்ன ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

"சகரியா கேள்வி கேட்டார், ஊமையானார், இந்த அணிக்கும் அதுதான் கதி" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். முதிர்வயதில் பிள்ளை பிறக்கும் என்று தேவதூதன் காபிரியேல் வாக்குக் கொடுத்தபோது, அதை எதினால் அறிவேன் என்று கேட்ட ஆசாரியர்தான் இந்தச் சகரியா. அண்ணன் லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தைப் பாதியில் மூடிவிட்டார். அதே அதிகாரத்தின் 34ஆம் வசனத்தில், அதே காபிரியேலிடம், மரியாள் "இது எப்படியாகும்?" என்று கேட்கிறாள். அவள் வாய் அடைக்கப்படவில்லை, விளக்கம் கிடைத்தது. அதைக் கேட்ட பிறகுதான் "இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை" என்றாள். அண்ணன் போற்றும் கீழ்ப்படிதல் ஒரு கேள்விக்குப் பின்னால் வந்திருக்கிறது! சகரியாவையே எடுத்துக்கொண்டாலும், அவர் நம்பாமல் கேட்டார் என்று வேதம் சொல்வதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்காக வாக்குத்தத்தம் திரும்பப் பெறப்பட்டதா? பிள்ளை பிறந்தது, எட்டாம் நாளில் எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி "இவன் பேர் யோவான்" என்று எழுதினார், அவிழ்ந்த நாவில் முதலில் வந்தது ஸ்தோத்திரம். நம்பாமல் கேட்டவரையே கைவிடாத தேவன், நம்பி அழுது கேட்கிறவரைத் தள்ளுவாரா?

அப்படி அழுது கேட்ட ஒருவரோடு நான் வாழ்ந்திருக்கிறேன். அவர் என் தகப்பனார். பேராவூரணிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பு, என் தாத்தா வைத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அதன்மேல் நடந்துபோனது. விடிந்தபோது அப்பா தோப்புக்குள் போகவில்லை, போக வழியில்லை. மரத்தின்மேல் மரம் கிடந்தது. வரப்பில் நின்று, "எங்களை மறந்துவிட்டீரா ஆண்டவரே?" என்று உரக்கக் கேட்டார். உறவினர் ஒருவர், "சபை மூப்பராக இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா?" என்று கடிந்துகொண்டார். மறுவாரம் வந்த போதகர் கடியவில்லை. விழுந்த மரம் ஒன்றின்மேல் அப்பாவோடு உட்கார்ந்து, வேதாகமத்தைத் திறந்து, 13ஆம் சங்கீதத்தைக் காட்டினார்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அப்பா கேட்ட கேள்வி, அவருக்கு முன்பே ஜெபமாக எழுதப்பட்டிருந்தது.

மின்சாரம் இல்லாத அந்த வாரங்களில் ஒவ்வோர் இரவும் குடும்ப ஜெபத்தில் அதையே வாசித்தார். இரண்டாம் வசனம் வரை வருவார், குரல் நின்றுவிடும். அம்மா ஆமென் சொல்லி முடிப்பார்.

பிறகு ஒரு நாள், எழுபது வயதில், அப்பா குழி வெட்டித் தென்னம்பிள்ளைகளை நட்டார். எல்லாம் நெட்டை ரகம். காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அன்றிரவு இரண்டாம் வசனத்தில் அவர் நிற்கவில்லை. ஆறாம் வசனம் வரைக்கும் போனார்: "கர்த்தர் எனக்கு நன்மைசெய்தபடியால் அவரைப் பாடுவேன்." அம்மா ஆமென் சொல்ல மறந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது என் தகப்பனாரை நினைத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.