மெழுகுவத்தி ஏமாத்திடுச்சு, துரு ஏமாத்தல: காத்துல ஆக்சிஜன் அளந்த கதை

எல்லாருக்கும் வணக்கம். இந்த டெஸ்ட் டியூப் தெரியுதா? இருங்க, ஃபோகஸ் ஆகட்டும்... ஹான். நேத்து சாயங்காலம் சாம்பல் கலர்ல பளபளன்னு இருந்த ஸ்டீல் வுல், அதாவது மெல்லிசான இரும்பு நார், இப்போ பாருங்க, செங்கல் கலர். தண்ணியும் தானா மேல ஏறியிருக்கு.

காத்துல அஞ்சுல ஒரு பங்கு ஆக்சிஜன்னு படிச்சிருப்போம். அதைக் காட்ட கிளாஸ்ல என்ன பண்ணுவோம்? தட்டுல தண்ணி, நடுவுல மெழுகுவத்தி, மேல ஒரு கண்ணாடி டம்ளர். அணைஞ்சதும் தண்ணி சர்ருன்னு உள்ள ஏறும். "ஆக்சிஜன் இருந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு"ன்னு நானும் ரெண்டு வருஷம் சொல்லிக் குடுத்தேன். ஒருநாள் ஒரு பொண்ணு எந்திரிச்சு, "மிஸ், எரியும்போது ஏறாம, அணைஞ்ச பிறகு ஏன் ஏறுது?"ன்னு கேட்டா. முழிச்சேன்.

விஷயம் சூடுல இருக்கு. டம்ளரைக் கவுக்கும்போதே உள்ள காத்து சூடாகி விரிஞ்சு, கொஞ்சம் வெளிய ஓடிடும். ஓரத்துல குமிழ் வர்றதே அதனாலதான். அணைஞ்சதும் மிச்சம் குளிர்ந்து சுருங்கும், தண்ணி ஏறும். நம்பலையா? மூணு மெழுகுவத்தி வெச்சுப் பாருங்க, இன்னும் மேல ஏறும். டம்ளருக்குள்ள ஆக்சிஜனா கூடிப்போச்சு? அதோட, ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குப் பக்கத்துல வந்தாலே மெழுகுவத்தி அணைஞ்சிடும். முழுசா தீர்க்கறதே இல்ல.

இரும்பு அப்படி இல்ல. மெதுவா துருப்பிடிக்கும், ஆனா இருக்கற ஆக்சிஜனைக் கிட்டத்தட்ட முழுசா எடுத்துக்கும். துரு திடப்பொருள், அதனால காலியான இடத்துக்கு வேற வாயுவும் வராது.

செய்முறை சின்னதுதான். ஸ்டீல் வுல்லை வினிகர்ல ஒரு நிமிஷம் ஊற வெக்கணும், மேல இருக்கற எண்ணெய்ப் படலம் போகணும். நல்லா உதறி, பிச்சு விட்டு, டியூபோட அடியில தள்ளிட்டு, தண்ணி இருக்கற பீக்கர்ல கவுத்து வெச்சா போதும். ராத்திரி முழுக்க தொடாதீங்க. முதல் தடவை நான் பாத்திரம் தேய்க்கற கம்பி நாரை வெச்சுட்டு ரெண்டு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன். அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்! எங்க துருப்பிடிக்கும்?

இப்போ அளக்கறது. ஸ்கேல் வெக்காதீங்க, டியூப் அடி உருண்டையா இருக்கு, கணக்கு தப்பும். தண்ணி நிக்கற இடத்துல மார்க்கர்ல ஒரு கோடு. வுல்லை எடுத்துட்டு, டியூபை நிமித்தி, கோடு வரைக்கும் தண்ணி ஊத்தி அளவு ஜாடியில கொட்டினா, மிஞ்சின காத்தோட அளவு. வாய் வரைக்கும் ஊத்தினா மொத்தம். நான் மூணு டியூப் வெச்சேன், ஒவ்வொண்ணும் 30 மில்லி. முதல் டியூப்ல மிஞ்சினது 24, அதாவது 6 மில்லி போயிருக்கு, 20 சதவீதம். ரெண்டாவதுல மிஞ்சினது 23.5, கிட்டத்தட்ட 22 சதவீதம். உலர்ந்த காத்துல உண்மையான அளவு 20.95. ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் 1780-கள்லயே 20.8-க்குப் பக்கத்துல அளந்துட்டார்னு நெனச்சா என் ஜாடியைப் பாக்கவே வெக்கமா இருக்கு.

வைக்கும்போதும் அளக்கும்போதும் ரூம் ஒரே சூட்டுல இருக்கணும். பத்து டிகிரி மாறினாலே காத்தோட கொள்ளளவு சுமார் 3 சதவீதம் மாறும். காலையில வெயில் படற ஜன்னலோரம் வெச்சீங்கன்னா போச்சு.

மூணாவது டியூப்தான் கோளாறு. 26 மில்லி மிஞ்சிடுச்சு, 13 சதவீதம்தான். கிட்ட பாருங்க, வுல்லுல குட்டிக் குட்டிக் குமிழ். வினிகரை நான் சரியா உதறல போல. அந்த அமிலம் இரும்போட சேர்ந்து ஹைட்ரஜனைக் கிளப்பி, தண்ணியைக் கீழ தள்ளியிருக்கும்னு சந்தேகம். இப்போ புது வுல் எடுத்து, வினிகருக்கு அப்புறம் தண்ணியில அலசி, உதறு உதறுன்னு உதறி திரும்பக் கவுத்திருக்கேன். நாளைக்குக் காலையில ரீடிங் எடுத்து போடறேன்.