லேபிளைக் கழுவிய ரெக்கார்டு

நண்பர்களுக்கு வணக்கம். ஹிப் ஹாப் எப்படியெல்லாம் மாறியது என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு குளியல் தொட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கிளைவ் கேம்ப்பெல் என்று ஓர் இளைஞர். ஜமைக்காவில் பிறந்து, 12 வயதில் பிராங்க்ஸுக்குக் குடிபோனவர். டீஜே கூல் ஹெர்க் என்றால்தான் தெரியும். 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க அவருடைய தங்கை சிண்டி ஒரு பார்ட்டி நடத்தினார். 1520, செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பின் பொது அறை. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட்.

பாட்டு முழுக்கச் சும்மா நிற்கிறவர்கள்கூட, பாடகர் நிறுத்தி டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் அந்தச் சில நொடிகளில் ஆட இறங்குவதை ஹெர்க் கவனித்து வைத்திருந்தார். அந்த இடத்துக்கு 'பிரேக்' என்று பெயர். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் பிரேக் முடிவதற்குள் மற்றதில் அதையே தொடங்கி, மாற்றி மாற்றி ஓட்டினார். சில நொடிகள் பல நிமிடங்களாயின. எந்த ரெக்கார்டு என்று போட்டி டீஜேக்களுக்குத் தெரியக்கூடாதே? குளியல் தொட்டியில் ஊறப்போட்டு லேபிளை உரித்துவிடுவார்.

ஆக, ஹிப் ஹாப் பிறந்ததே அடுத்தவர் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பதில்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

அப்போது மைக் பிடித்தவர் உபரி ஆள். கூட்டத்தை உற்சாகப்படுத்துவார், நண்பர்கள் பெயரைக் கூப்பிடுவார், அவ்வளவே. 1979-இல் சில்வியா ராபின்சன் என்ற தயாரிப்பாளர் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற, தாளத்தோடு பேசிக்கொண்டே போகும் ராப் பாட்டை வெளியிட்டதும் கதை மாறியது. அதில் டீஜேயே இல்லை. 'ஷிக்' குழுவின் பாட்டு ஒன்றிலிருந்து தாளத்தை ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் திரும்ப வாசித்தார்கள். பிறகு ஷிக் குழுவினர் கேள்வி கேட்டு, பாட்டில் தங்கள் பெயரையும் சேர்க்க வைத்தார்கள். கடையில் விற்க வசதியானது பேச்சுதான். தட்டு சுழற்றியவர் மெல்லப் பின்னுக்குப் போனார்.

அப்புறம் சாம்ப்ளர் வந்தது. ரெக்கார்டிலிருந்து ஒலியை வெட்டிச் சேமித்து, விரலால் தட்டி வாசிக்கும் கருவி. 1987-இல் வந்த எஸ்பி-1200 மொத்தம் 10 நொடிதான் பிடிக்கும். நம் ஆட்கள் விடுவார்களா? நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய ரெக்கார்டை 45 சுற்றில் வேகமாக ஓட்டிப் பதிவு செய்து, கருவிக்குள் மறுபடி மெதுவாக்கினார்கள். இடம் மிச்சமானது, ஒலி கொஞ்சம் கரகரத்தது. அந்தக் கரகரப்பைத்தான் இன்று 'பொற்கால சவுண்டு' என்று உருகுகிறோம். சிக்கனத்தில் பிறந்த அழகு!

1991-இல் பிஸ் மார்கி என்ற ராப்பர்மேல் வழக்கு. பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் எடுத்துவிட்டார் என்று. நீதிபதி தீர்ப்பைத் தொடங்கியதே விவிலியத்தின் 'திருடாதே' என்ற கட்டளையோடு. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால், ஒரு கலை எப்படி வேலை செய்கிறது என்று அவர் ஒரு நிமிடம் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரு துண்டு எடுக்க இரண்டு அனுமதி வேண்டும்: இசையமைத்தவரிடம் ஒன்று, ஒலிப்பதிவு யாருக்குச் சொந்தமோ அவரிடம் ஒன்று. பப்ளிக் எனிமி என்ற ராப் குழு போல ஒரே பாட்டில் ஏகப்பட்ட துண்டுகளை அடுக்கியவர்களுக்கு இனி கட்டுப்படியாகாது. ராப்பரும் தயாரிப்பாளருமான டாக்டர் டிரே 1992 ஆல்பத்தில் பழைய மெட்டுகள் பலவற்றை வாத்தியக்காரர்களை வைத்துத் திரும்ப வாசிக்கச் செய்தார். அப்படிச் செய்தால் ஒரு அனுமதி போதும். இன்னும் சிலர் ரெக்கார்டையே விட்டுவிட்டு, தாளத்தைத் தானே வாசிக்கும் டிரம் மெஷினுக்குப் போனார்கள். ரோலண்ட் நிறுவனத்தின் 808 என்ற மெஷின் சரியாக விற்காத சரக்கு; 1983-இல் தயாரிப்பும் நின்றுபோனது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது. இன்று அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து 'டிராப்' என்ற ராப் வகையில் நெஞ்சில் இடிக்கிறதே ஒரு பேஸ், அது அந்த மெஷினின் வாரிசு. ரசனை மாறியது என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். மீதிப் பாதி, வக்கீல் ஃபீஸ்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. இளையராஜாவின் 'மடை திறந்து' பாட்டை மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006-இல் ராப் ஆக்கினார்களே, அதுவும் இதே பழைய வழிதான்.

கடைசியாக டி லா சோல் என்ற ராப் குழு. அவர்களுடைய 1989 முதல் ஆல்பம் துண்டுகளாலேயே தைத்த போர்வை மாதிரி. டிஜிட்டல் வரும் முன்பு போட்ட ஒப்பந்தங்களால் பல ஆண்டுகள் அது ஸ்ட்ரீமிங்கில் ஏறவேயில்லை. சிக்கல் தீர்ந்து 2023 மார்ச் 3 அன்று வந்தது. மூவரில் ஒருவரான டேவ் அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம் முன்புதான் காலமாகியிருந்தார்.

அதிலிருந்து ஒரு பாட்டை இப்போது போடச் சொல்லியிருக்கிறேன். உள்ளே எத்தனை பழைய பாட்டு ஒளிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே கேளுங்கள். கேள்விகள் அப்புறம்.