துண்டங்களின் நடுவே நடந்தவர்

(மும்பை தாராவியில் தமிழ்ச் சபையார் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்பான சகோதர சகோதரிகளே,

ஆபிராமுக்குச் சந்ததியும் தேசமும் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுக்கிற ஆதியாகமம் 15-ஆம் அதிகாரத்தை நாம் பெரும்பாலும் ஆறாம் வசனத்தோடு மூடிவிடுகிறோம். "அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்." பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதும்போது பிடித்துக்கொண்ட வசனம் இதுதான். ஆனால் இரண்டே வசனம் தள்ளி, அதே ஆபிராம் கேட்கிறான்: தேசத்தை நான் சுதந்தரிப்பேன் என்று எதினால் அறிவேன்? விசுவாசித்த வாய்தான் இதையும் கேட்டது. கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. கேள்வி கேட்கிற பிள்ளைகளை அவிசுவாசிகள் என்று அதட்டி உட்கார வைக்கிற பெரியவர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தர் கொடுத்த பதில் விநோதமானது. மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. ஆபிராம் மிருகங்களை நடுவாகப் பிளந்து எதிரெதிரே வைத்தான், பறவைகளைத் துண்டிக்கவில்லை. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. வெயில் ஏறுகிறது. இறைச்சியின் மேல் பறவைகள் வந்து இறங்குகின்றன, அவன் துரத்துகிறான். பொழுது சாயும்வரை அந்தக் கிழவனுக்கு அதுதான் வேலை. வாக்குத்தத்தம் பெற்றவனின் பகல் பொழுது அப்படித்தான் கழிந்தது.

பிளந்த மிருகங்கள் எதற்கு? எரேமியா 34-ஆம் அதிகாரம் விளக்குகிறது. பாபிலோன் படை எருசலேமை நெருக்கியபோது, சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் தங்கள் எபிரெய அடிமைகளை விடுதலையாக்குவதாக உடன்படிக்கை பண்ணினார்கள். கன்றுக்குட்டியை இரண்டாகத் துண்டித்து அதன் நடுவே கடந்துபோனார்கள். படை சற்று விலகியதும், விடுவித்தவர்களைத் திரும்பவும் பிடித்து வேலைக்கு அமர்த்திக்கொண்டார்கள். அந்தக் கன்றுக்குட்டியின் கதி உங்களுக்கு வரும், உங்கள் பிரேதங்கள் ஆகாயத்துப் பறவைகளுக்கு இரையாகும் என்றார் கர்த்தர். துண்டங்களின் நடுவே நடப்பவன், தவறினால் இதே கதி எனக்கும் ஆகட்டும் என்று தன்மேல் ஆணையிட்டுக்கொள்கிறான்.

இப்போது ஆதியாகமத்துக்குத் திரும்புங்கள். நடந்தது யார்? ஆபிராம் அயர்ந்த நித்திரையில் கிடக்கிறான். காரிருளில் புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் தோன்றுகின்றன. துண்டங்களின் நடுவே கடந்துபோகிறது அந்த நெருப்பு. ஆபிராமை எழுப்பி, நீயும் வா, நட என்று யாரும் சொல்லவில்லை. ஆணையின் பாரம் முழுவதையும் தேவன் தம்மேலேயே ஏற்றுக்கொண்டார்.

இந்த ஊரில் 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத குடும்பம் நம்மிடையே அரிது. இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒரு தரப்பு தவறினால் மறு தரப்பு விலகிக்கொள்ளலாம். நம்மில் பலருடைய பக்தி இப்படிப்பட்ட ஒப்பந்தமாகவே இருக்கிறது. உபவாசம் இருந்தேன், பொருத்தனை செலுத்தினேன், தசமபாகம் கொடுத்தேன், மகனுக்கு ஏன் இன்னும் வேலை கிடைக்கவில்லை? அந்தக் கண்ணீரை நான் அற்பமாக எண்ணவில்லை. ஆனால் தேவன் கடமைப்பட்டிருப்பது நம்முடைய தவணைகளுக்கு அல்ல, தம்முடைய ஆணைக்கு.

சீனாய் மலையடியில் ஜனங்கள் வாக்குக் கொடுத்ததும் உண்மைதான். கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம் என்றவர்கள், மோசே மலையிலிருந்து இறங்குமுன் பொன் கன்றுக்குட்டியின் முன் நின்றார்கள். மீறியது மனிதன். அப்படியானால் பிளக்கப்பட வேண்டியது யார்? மேல்வீட்டறையில் ஆண்டவராகிய இயேசு பாத்திரத்தை எடுத்து, இது என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்றார். மறுநாள் கொல்கொதாவில், சிலுவையில், மீறினவர்களுக்கு வரவேண்டியது ஆணையிட்டவர்மேல் வந்தது. இதை நம்புவதுதான் கிறிஸ்தவ விசுவாசம். நாம் கேட்டது கிடைத்தே தீரும் என்ற உறுதியை அதன் இடத்தில் வைத்துவிடாதீர்கள்.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாங்கும் வாக்குத்தத்த அட்டையை பீரோக் கதவில் ஒட்டி வைக்கிறோம். நல்ல வழக்கம், விட வேண்டாம். எரேமியா 29:11 வந்தால் வீடே மகிழ்கிறது: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். 70 வருஷம் கழித்து என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது; அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். அவர்களுக்குத்தான் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று எழுதப்பட்டது. திருநெல்வேலியை விட்டு இங்கே வந்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

ஆபிரகாம் என்று பிறகு பெயர் பெற்ற ஆபிராமும் அப்படித்தான். 75 வயதில் ஆரானை விட்டுப் புறப்பட்டான். ஈசாக்கு பிறந்தபோது வயது 100. சாராள் 127 வயதில் இறந்தபோது, தேசம் முழுவதும் வாக்குப்பண்ணப்பட்டவனுக்கு அவளை அடக்கம்பண்ணச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை. நிலத்துக்குச் சொந்தக்காரனான எப்ரோன் சொன்ன விலையான 400 சேக்கல் வெள்ளியைப் பேரம் பேசாமல் நிறுத்துக்கொடுத்து மக்பேலா நிலத்தை வாங்கினான். எப்ரோன் முதலில் அதை இலவசமாகத் தருவதாகச் சொன்னபோதும் ஏற்கவில்லை.

தேவன்தானே எல்லாம் ஏற்றுக்கொண்டார், நமக்கென்ன என்று ஒருவரும் எழுந்துபோக வேண்டாம். எரேமியா 34-இல் கர்த்தருடைய வழக்கைக் கவனியுங்கள். எகிப்தின் அடிமைத்தன வீட்டிலிருந்து உங்கள் பிதாக்களை நான் விடுவித்தேன், நீங்களோ உங்கள் சகோதரனை விடமாட்டேன் என்கிறீர்கள் என்பதுதான் அது. பலி குறைந்தது என்றோ, ஜெபம் குறைந்தது என்றோ அங்கே குற்றச்சாட்டு இல்லை. வேலைக்காரர்களை நடத்திய விதத்தில்தான் உடன்படிக்கை உடைந்தது.

இங்கே தோல் பட்டறையும் தையல் பட்டறையும் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்து, உங்கள் மாடியில் இயந்திரத்தின் முன் குனிந்து உட்கார்ந்து, அங்கேயே படுத்துறங்கும் பையன்களை உங்களுக்குத் தெரியும். கூலியைப் பொழுதுபோகுமுன் கொடுத்துவிட வேண்டும் என்கிறது உபாகமம் 24:15. வருகிற ஞாயிறு திருவிருந்து. யாருக்காவது சம்பளம் நிலுவை இருந்தால், சனிக்கிழமை மாலைக்குள் தீர்த்துவிட்டு வாருங்கள்.