அதே கல், அதே பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். மலையில் ஆராய்ச்சி என்றதும் கயிறு கட்டிப் பாறை ஏறுவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முக்கால்வாசி நேரம் நாங்கள் குனிந்துதான் கிடப்போம். முதுகுவலிக்காரர்கள் சங்கம் என்றே எங்களைச் சொல்லலாம்.

மலை ஓடையில் இறங்கி, அடியில் கிடக்கும் ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா? மேல்பக்கம் வெயில் படுவதால் பாசி பிடித்து வழுக்கும். அடிப்பக்கம் வெளிறியிருக்கும். அங்கே நகக்கண் அளவில் ஒன்று விறுவிறுவென்று ஓரத்துக்கு நழுவும். தட்டையான உடம்பு, பின்னால் மயிரிழை போல மூன்று வால். மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம் அது. பக்கத்திலேயே மணல் ஒட்டிய சின்னக் குழாய் ஒன்று நகரும். உள்ளே இருப்பது காடிஸ் பூச்சியின் புழு. வாயில் சுரக்கும் பட்டுநூலால் மணலை ஒட்டித் தானே கட்டிய வீடு, அதை இழுத்துக்கொண்டே திரிகிறது.

முதன்முதலில் ஓடைக்குப் போன அன்று நான் இதையெல்லாம் வாய்பிளந்து பார்த்துவிட்டுக் கல்லைத் தூக்கிப் போட்டேன். கூட வந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் கல்லைக் கொண்டு வா" என்றார், அவ்வளவுதான். நனைந்த கற்களில் எந்தக் கல் என்று தேடுவது? அரை மணி நேரம் குளிர்ந்த தண்ணீரில் தடவினேன். கடைசியில், வெளிறிய பக்கம் மேலே தெரிய ஒரே ஒரு கல் கிடந்தது! எடுத்த இடத்தில், பாசிப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்த பிறகுதான் கரையேற விட்டார். அன்று எரிச்சலாக இருந்தது, மறைக்கவில்லை. அடுத்த வருடம் அதே கல்லைப் பார்க்கப் போனபோதுதான் காரணம் உறைத்தது.

சரி, மேஃப்ளைக்கு வருகிறேன். கல்லின் பாசிதான் அதற்குத் தீனி. பகலில் மேலே மேய்ந்தால் ட்ரவுட் மீன் பார்த்துவிடும். அதனால் பல ஓடைகளில் இரவில்தான் வெளியே வரும். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் ஒரு சோதனை செய்தார்கள். மீனே இல்லாத ஓடைகளில், ட்ரவுட் இருந்த தண்ணீரை மட்டும் கலந்துவிட்டார்கள். மீன் இல்லை, வாசனை மட்டும். அதற்கே மேஃப்ளைகள் சின்ன உடம்போடு சீக்கிரமாகச் சிறகு முளைத்து வெளியேறின. உடம்பு சிறுத்தால் முட்டையும் குறையும். வெறும் வாசனை, யோசித்துப் பாருங்கள்! சிறகு வந்தபின் அவை எதுவும் தின்பதில்லை, ஓரிரு நாளில் ஆயுளும் முடிந்துவிடும். அதனால் தண்ணீருக்குள் சேர்த்த உடம்புதான் அவற்றுக்கு மொத்தச் சொத்து.

அப்புறம் செடிகள். இதற்குத்தான் பாதி நேரம் வைத்திருந்தேன், வேகமாகச் சொல்கிறேன். அதே மலையில், காதிக் என்ற இடத்தில், 2 மீட்டருக்கு 2 மீட்டர் சதுரங்களில் 1973 முதல் பூக்களை எண்ணி வருகிறார்கள். அதே சதுரம், கோடைதோறும். பனி சீக்கிரம் உருகினால் செடிகளுக்குக் கொண்டாட்டம் என்றுதானே தோன்றும்? மொட்டும் சீக்கிரம் வந்துவிடும், ஜூன் மாத உறைபனி அதைக் கருக்கிவிடும். அந்த வருடம் சில செடிகளில் பூவே இருக்காது. ஒரு வருடம் மட்டும் எண்ணியவருக்கு இது எப்படித் தெரியும்?

தேனீக்களுக்கு என்று நாலு பக்கம் கையில் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டிக்கொண்டிருந்தவர் இப்போது முழுக் கையையும் ஆட்டுகிறார். வணக்கம்.